தளிர் முற்றும் காலம்

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை சாமத்தியப்பட்டால் அடுப்பில் முதலில் ஏறுவது உழுத்தங்களி. நல்லெண்ணெய் மிதக்க மிதக்க அம்மம்மா ஊட்டிவிடுவா. அந்த எண்ணெயைத் தந்த எள்ளிலும், கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா என்ற சத்துமாவின் சோயாவிலும் பெண் உடலின் ஈஸ்ட்ரோஜனுக்குச் சாயலான பொருட்கள் உண்டு. எள்ளில் இருப்பவை லிக்னன்கள். குடலிலுள்ள பக்டீரியாக்கள் மாற்றிக் கொடுத்த பிறகுதான் அவை வேலை செய்யும். சோயாவிலுள்ள ஜெனிஸ்டீனின் வடிவமோ ஈஸ்ட்ரோஜனுக்கு மிகக் கிட்டியது. அதனால் கலங்களில் ஈஸ்ட்ரோஜனுக்கென்றே இருக்கும் ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கிறது, ஆனால் பலம் குறைவு.

சரி, இது மார்பகத்தை என்ன செய்யும்? எந்த வயதில் உள்ளே போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பிறக்கும்போது பாற்சுரப்பி சில சிறு குழாய்கள் மட்டுமே. பருவ வயதில் அவை கிளைவிட்டுப் படரும். நம்மூர் முந்திரிகைப் பந்தலை நினைத்துக்கொள்ளுங்கள். கொடி நீளுவது தளிர்நுனியில். பூச்சி முதலில் கடிப்பதும் அங்கேதான், முற்றிய இலையை அது அவ்வளவாகத் தொடாது. எலியின் பாற்சுரப்பியிலும் குழாய்களின் நுனியில் இப்படி மொட்டுகள் இருக்கின்றன. அங்கே கலங்கள் வேகமாகப் பிரிவதால், புற்றுநோய் உண்டாக்கும் இரசாயனம் அவற்றைத்தான் எளிதில் தாக்கும். அந்த மொட்டுகள் முற்றிச் சிறு மடல்களாகிவிட்டால் ஆபத்துக் குறைவு.

1990களில் அமெரிக்காவின் அலபாமாவில் கோரல் லாமார்ட்டினியர் குழுவினர், பருவமடையாத எலிக்குட்டிகளுக்கு ஜெனிஸ்டீனை ஊசியாக ஏற்றினார்கள். பிறந்து 50ஆம் நாளில் பார்த்தால் மொட்டுகள் குறைந்திருந்தன. அதன்பின் புற்றுநோய் இரசாயனம் கொடுத்தபோது வந்த கட்டிகளும் ஏறக்குறைய பாதிதான். முன்கூட்டியே ஒரு சுற்று வளர்ந்து, தளிர் நேரத்தோடு முற்றிவிட்டது என்பதே விளக்கம்.

ஆனால் லீனா ஹிலாகிவி-கிளார்க் குழுவினர் அதே ஜெனிஸ்டீனைக் கருவுற்ற தாய் எலிகளுக்கு ஏற்றியபோது, பிறந்த பெண்குட்டிகளில் கட்டிகள் கூடின. பொருள் ஒன்று, பருவம் வேறு. என்னை மிகவும் யோசிக்க வைத்தது இந்த முடிவுதான்.

மனிதரில்? ஷாங்காயில் 70,000க்கும் அதிகமான பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2009இல் வந்தது. பதின்ம வயதிலிருந்தே சோயா உணவு நிறையச் சாப்பிட்டவர்களுக்கு மாதவிடாய் நிற்குமுன் வரும் மார்பகப் புற்றுநோய் குறைவாக இருந்தது. சிறு வயதில் சாப்பிட்டதை நினைவிலிருந்துதான் அவர்கள் சொன்னார்கள், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இன்னொன்று, அளவு. லாமார்ட்டினியரின் குட்டிகளுக்கு ஏற்றியது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 500 மில்லிகிராம் தனி ஜெனிஸ்டீன். அந்தக் கணக்கில் ஒரு மனிதருக்கு வரும் அளவு, கடையில் வாங்கும் சோயா மீட் பக்கெட் முழுவதிலும்கூட இருக்காது. எலி ஆய்வைக் காட்டிக் கர்ப்பிணிப் பிள்ளையின் திரிபோஷாவை யாரும் நிறுத்தச் சொன்னால், அதற்கு நியாயமே இல்லை.