மாயத்தோற்றமா, இட்டுக்கட்டலா?

"இச்செய்தி செயற்கை நுண்ணறிவின் துணையோடு எழுதப்பட்டது. மாயத்தோற்றம் ஏற்படலாம்." மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கைப்பேசியில் இதைப் படிப்பவர், தனக்குத்தான் ஏதோ ஆகப்போகிறது என்று பயப்படுவார்.

மாயத்தோற்றத்தின் ஆங்கில மூலச்சொல் ஹலூசினேஷன். லத்தீனில் மனம் அலைந்து பிதற்றுவது. பிறகு இல்லாததைக் காண்பதைக் குறிக்கும் மருத்துவச் சொல்லானது. செயற்கை நுண்ணறிவுக் கருவி இல்லாததை உண்மைபோலச் சொல்வதற்குக் கணினிக்காரர்கள் அதை இரவல் வாங்கினார்கள். கேம்பிரிட்ஜ் அகராதி 2023-இல் 'ஹலூசினேட்' என்பதை ஆண்டின் சொல்லாக்கியது இந்தப் புதுப்பொருளுக்காகத்தான்.

தோற்றம் என்றால் காண ஒருவர் வேண்டும். கருவி எதையும் காண்பதில்லை. அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்து வைக்கிறது, அவ்வளவுதான். 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்ற மலாய் அறிக்கையைக் கொடுத்துச் சுருக்கச் சொன்னால், "தொழிற்சங்கத் தலைவர் வரவேற்றார்" என்று மூலத்தில் இல்லாத வரி மேற்கோள் குறியோடு வந்து நிற்கலாம். சம்பளச் செய்தி என்றாலே யாராவது வரவேற்பது வழக்கமாயிற்றே! இதற்குத் தமிழில் சொல் ஏற்கெனவே இருக்கிறது: இட்டுக்கட்டல். மலாய்க்காரர் பேச்சிலும் 'ரெக்கா-ரெக்கா' உண்டு.

'பிரமை' என்பாரும் உண்டு. வடமொழியில் பிரமா மெய்யறிவு, பிரமம் மயக்கம். தமிழ் எழுத்தில் இரண்டும் பிரமை ஆகிவிடும். வேறு வினையே வேண்டாம்.

இட்டுக்கட்ட உள்நோக்கம் வேண்டுமே என்பார்கள். சொல் செயலைத்தான் காட்டுகிறது, மனத்தை அல்ல. வினையாகவும் வளையும்: "கருவி இட்டுக்கட்டிய மேற்கோள் நீக்கப்பட்டது." 'மாயத்தோற்ற மேற்கோள்' என்று எழுதிப் பாருங்கள். வேலைக்கு வராத ஆளுக்குச் செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், பேர் போட்ட கிராணியை (தோட்ட எழுத்தரை), மாயத்தோற்றம் கண்டார் என்று எந்தத் தோட்டத்திலாவது சொன்னார்களா?

எல்லாக் கோளாறையும் இந்த ஒரே மூட்டையில் கட்டுவதுதான் பெரிய தொல்லை. எஸ்டேட் தொழிலாளர் 'சொத்துத் தொழிலாளர்' ஆவது பிழைபெயர்ப்பு. அதற்கு மருந்து சொற்பட்டியல்: மலாயில் லாடாங் என்றால் தோட்டம், கெலாப்பா சாவிட் என்றால் செம்பனை என்று முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். இட்டுக்கட்டலுக்குச் சொற்பட்டியல் உதவாது. பெயர், எண், தேதி, மேற்கோள் நான்கையும் வரிவரியாக மூலத்தோடு ஒப்பிட வேண்டும். மூலத்தில் இல்லாத வரியை அழிக்க வேண்டும். சரியா என்று அதே கருவியைக் கேட்டு நம்ப முடியாது, அது தலையாட்டிவிடலாம். மொழிபெயர்ப்பாளர்களோ அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்கள்.

அடிக்குறிப்பை இப்படி மாற்றினால் போதும்: "கருவி இட்டுக்கட்டக்கூடும், மூலத்தோடு ஒப்பிட்டவர் ஆசிரியர்."