ஓவர்சைட்: மேற்பார்வையா, கவனக்குறைவா?

அமெரிக்காவில் முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் கவனக்குறைவால் மிச்சமாகும் பணத்தை அறிவியல் கல்விக்குத் திருப்புவது பற்றி ஒரு மொழிபெயர்ப்பில் படித்தேன். இந்தப் பிழையை இதற்கு முன்பும் பலமுறை பார்த்துப் பொறுத்துக்கொண்டேன், இனி முடியாது. கவனம் குறைந்தால் பணம் எப்படி மிச்சமாகும்? வீணாகத்தானே போகும்?

ஆங்கில மூலத்தில் இருப்பது ஓவர்சைட் (oversight). மேல், பார்வை என்று பொருள்படும் இரண்டு சொற்களின் சேர்க்கை. மேலிருந்து பார்ப்பதற்கும் அதே சொல், பார்க்கத் தவறுவதற்கும் அதே சொல். முன்னால் ‘ஆன்’ (an) நின்றால் பெரும்பாலும் கவனக்குறைவு என்று பொருள். ஒரு துறையையோ திட்டத்தையோ ஒட்டி வந்தால் மேற்பார்வை.

‘கண்காணிப்பு’ என்று போடலாமே என்பார்கள். சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்த்தவர் கண்காணி. தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாகி, ஆங்கில அகராதிக்கே போன சொல் அது. அதன் பழமையை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்று கண்காணிப்பு என்றதும் கேமராவும் போலீஸும்தான் நினைவுக்கு வருகின்றன. மருத்துவத்திலோ, நோய்ப் பரவலைத் தொடர்ந்து கவனிப்பதற்கு அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். காப்பீட்டுக் கண்காணிப்பு என்று எழுதினால், நோயாளியை யாரோ வேவு பார்ப்பதாகத் தோன்றும். இங்கே பார்க்கப்படுவது நோயாளி அல்ல, பில். செய்யாத சிகிச்சைக்குக் கேட்ட பணம், சிறிய சிகிச்சையைப் பெரிதாகக் காட்டிக் கேட்ட பணம். மெடிகேர் 1965-இல் சட்டமானது. இத்தகைய முறைகேடுகளைத் துருவ, தலைமை ஆய்வாளர் அலுவலகம் 1976-இல் வந்தது. அந்த அலுவலகம் செய்யும் வேலைக்கு மேற்பார்வை என்பதைவிடத் தெளிவான சொல் நம்மிடம் இல்லை. பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

இப்படி மிச்சமாகும் பணத்தைச் ‘சேமிப்பு’ என்று எழுதுவதும் உறுத்துகிறது. வங்கியில் போட்டுவைத்த தொகை என்றே வாசகர் நினைப்பார். இது கையில் இருக்கும் பணமே அல்ல. இன்ன நடவடிக்கையால் செலவு இவ்வளவு குறையும் என்று அமெரிக்கக் காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் போடும் மதிப்பீடு. அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணில் படுவதே இல்லை. மேற்பார்வையால் குறையும் செலவை அறிவியல் கல்விக்கு ஒதுக்குவது என்று எழுதியிருந்தால், நான் அந்த வரியை மூன்றுமுறை படித்திருக்க மாட்டேன்.