சுவருக்குள் இருக்கும் வேர்

கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக்கிடக்கிற வீடுகளைப் பார்த்திருப்பீர்கள், மதிலிலோ மாடிச் சுவரிலோ ஓர் அரசங்கன்று நிற்கும். எங்கள் வீட்டிலும் வருஷா வருஷம் ஆள் விட்டு வெட்டுவோம், மழை பெய்ததும் தளிர்த்துவிடும். "வேரு செவத்துக்குள்ளதானே இருக்கு" என்பார் கொத்தனார்.

கீமோவில் சுருங்கிய இரைப்பைப் புற்றுக்கட்டி திரும்ப வருவதற்குச் சொல்லப்படும் ஒரு காரணமும் கிட்டத்தட்ட இதுதான். கட்டியின் செல்கள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. கொஞ்சம் செல்கள் தன்னைப் போலவும் பிறப்பிக்கும், கட்டியின் மற்றச் செல்களையும் பிறப்பிக்கும். இவைதான் புற்று ஸ்டெம் செல்கள், தமிழில் குருத்தணு. கீமோ பெரும்பாலும் வேகமாகப் பெருகும் செல்களைத்தான் அடிக்கிறது. இந்த ஸ்டெம் செல்களில் பல மெதுவாகப் பெருகுபவை, போதாததற்கு உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடும் பம்புகளும் வைத்திருக்கின்றன.

முதலில் இவை பிடிபட்டது 1990களில், கனடாவில், ரத்தப் புற்றில். இரைப்பையில் 2009இல், மேற்பரப்பில் சிடி44 என்ற புரதம் உள்ள செல்களை எலிக்குள் வைத்தபோது கட்டி வளர்ந்தது. இந்தப் புரதத்தின் ஒரு வகை செல்லுக்குக் காவல்காரன் மாதிரி: ஓர் அமினோ அமிலம் நுழையும் வாசலை நிலையாகப் பிடித்துக்கொள்கிறது, அதை வைத்து செல் குளுட்டாதயோன் தயாரித்து, தன்னைக் கொல்ல வரும் ஆக்சிஜன் நச்சைத் தணித்துக்கொள்கிறது. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் பழைய மாத்திரையான சல்ஃபாசலசீன் அந்த வாசலை அடைக்கும் என்று தெரிந்ததும் ஜப்பானில் சிறிய அளவில் நோயாளிகளிடம் சோதித்தார்கள். சிலரிடம் அந்தச் செல்கள் குறைந்தன. ஆனால் இதே நோக்கத்தில் வந்த நாபபுகாசின் என்ற வேறொரு மருந்து, 700 பேருக்கு மேல் பங்கேற்ற பெரிய சோதனையில் ஆயுளைக் கூட்டவில்லை.

ஏன் இவ்வளவு கஷ்டம்? வேரைத் தோண்டினால் சுவரும் பெயர்ந்து வரும். விண்ட், நாட்ச் என்று இந்தச் செல்கள் நம்பியிருக்கும் சமிக்ஞைப் பாதைகளை வைத்துத்தான் நம் குடலின் நல்ல ஸ்டெம் செல்களும் உள்சுவரை ஓயாமல் புதுப்பிக்கின்றன. அதோடு, முருங்கைக் கொம்பை ஒடித்து நட்டால் வேர் விடுகிறதே, அப்படிச் சாதாரணப் புற்றுச்செல்லும் சில நேரம் ஸ்டெம் செல்லாக மாறிவிடும்.

எனக்கென்னவோ விதை போடும் காக்கையை முதலில் விரட்டுவது சுலபம் என்று தோன்றுகிறது. இங்கே காக்கை, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. 1994இலேயே புற்றுக்காரணி என்று அறிவிக்கப்பட்டது, ஆன்டிபயாடிக் மருந்துகளால் ஒழிக்கலாம். உப்பில் ஊறிய உணவும் ஆபத்தைக் கூட்டும் என்று சொன்னால், ஆச்சி உப்புக்கண்டப் பானையை மறைத்து வைத்துக்கொள்கிறார்கள்.