எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஆடிக் கற்கும் கணக்கு

அரசுத் தொடக்கப் பள்ளியில் கணக்குப் பாடவேளையின்போது பிள்ளைகள் தரையில் கோடு போட்டுக் குதித்துக்கொண்டிருந்தால், பாடம் நடக்கவில்லை என்று பெற்றோர் எண்ணிவிட வேண்டியதில்லை. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் ஏற்பட்ட கற்றல் இடைவெளியைக் குறைப்பதற்காக, 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்த எண்ணும் எழுத்தும் திட்டம், ஆடல், பாடல், கதை ஆகியவற்றின் வழியாகத் தமிழையும் ஆங்கிலத்தையும் கணக்கையும் கற்பிக்கிறது. முதலில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்கு வந்த இத்திட்டம், பின்னர் 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரிக்கப்படுகிறார்கள். ஆகவே ஒரே வகுப்பில் படிக்கும் இருவருக்கு வெவ்வேறு பயிற்சி தரப்படுவது தவறன்று.

குதிப்பதில் என்ன கணக்கு இருக்கிறது என்று கேட்கலாம். சுண்ணக்கட்டியால் 0 முதல் 20 வரை கட்டங்கள் வரைந்து, 7இல் நிற்கும் பிள்ளையை ஐந்து கட்டம் முன்னே தாண்டச் சொன்னால், 12இல் போய் நிற்க வேண்டும். சில பிள்ளைகள் தாங்கள் நிற்கும் கட்டத்தையே 'ஒன்று' என எண்ணத் தொடங்கி 11இல் நின்றுவிடுவார்கள். நோட்டில் 7+5=11 என்று எழுதியிருந்தால் அது வெறும் தப்பு விடை; தரையிலோ, எந்த அடியில் பிசகினார்கள் என்பது ஆசிரியரின் கண்ணெதிரே தெரிந்துவிடுகிறது. பின்னோக்கித் தாண்டினால் கழித்தல், இரண்டிரண்டாகத் தாண்டினால் இரண்டாம் வாய்ப்பாடு. பாண்டி ஆடிப் பழகிய பிள்ளைக்கு இதில் புதிதாகப் பழக எதுவுமில்லை. குதிக்க இயலாத பிள்ளை, புளியங்கொட்டையைக் கட்டம் கட்டமாக நகர்த்தி அதே கணக்கைச் செய்யலாம்.

இது ஆசிரியரின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, பாடத்திட்டம் வகுக்கும்போது செயல்பாடுகள், கண்டறிதல், தேடியறிதல் வழியாகக் குழந்தைகள் கற்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுப் பொருட்கள் தரப்பட வேண்டும் என்று அதன் அட்டவணை கூறுகிறது.

பிள்ளையின் வருகையையும் கற்கும் திறனையும் முன்னேற்றத்தையும் பெற்றோரைக் கூட்டித் தெரிவிப்பது, 24ஆம் பிரிவின்படி ஆசிரியரின் கடமை. அந்தக் கூட்டத்தில் நோட்டைப் புரட்டிப் பார்ப்பதோடு நில்லாமல், பிள்ளை அரும்பா, மொட்டா, மலரா என்று கேளுங்கள். பொருட்களோ ஆடுவதற்கு இடமோ இல்லாவிட்டால், நான்கில் மூன்று பங்கு பெற்றோரே உறுப்பினர்களாக இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் அதை எழுப்பலாம்.