பம்பை நிறுத்திய பிறகு: பியூட் நகரமும் அதன் அமிலக் குழியும்

அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில், ராக்கி மலைகளின் மேல் சுமார் 5,500 அடி உயரத்தில் பியூட் என்று ஒரு ஊர் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து இன்றைக்கு 35,000 பேர்தான் மக்கள்தொகை. ஊரை ஒட்டியே ஒரு பள்ளம். ஒரு மைல் நீளம், அரை மைல் அகலம், 1,780 அடி ஆழம். பாதிக்கு மேல் செம்பழுப்புத் தண்ணீர் நிற்கிறது, 15,000 கோடி லிட்டருக்கும் அதிகம். அத்தனையும் அமிலம். செம்பும் துத்தநாகமும் ஆர்செனிக்கும் அதில் கரைந்து கிடக்கின்றன. டிக்கெட் வாங்கிக்கொண்டு மேடையில் நின்று இதைப் பார்த்துவிட்டு வர வெளியூர் ஆட்கள் வேறு வருகிறார்கள்.

இந்தப் பெர்க்லி குழியில் விசேஷம் என்னவென்றால், அடியில் சிமென்ட் தளமோ பிளாஸ்டிக் விரிப்போ எதுவும் கிடையாது. வெறும் உடைந்த பாறைதான். ஆனாலும் இந்தத் தண்ணீர் இதுவரை ஊருக்குள் கசியவில்லை. அது எப்படி என்று புரிய வேண்டுமானால் மலையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

சுமார் 7.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் உருகிய பாறைக் குழம்பு மேலேறி, தரையை எட்டாமலே ஆறி இறுகியது. பின்னால் அதில் விழுந்த வெடிப்புகள் வழியாகக் கொதிநீர் ஏறி வந்தது. அந்த நீரில் செம்பும் இரும்பும் கந்தகமும் கரைந்திருந்தன. வெடிப்புகளில் அவை படிந்து கனிம நரம்புகளாயின. இங்கே செம்பு பெரும்பாலும் தனி உலோகமாக இல்லை, கந்தகத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. பக்கத்திலேயே இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற கனிமம். பார்க்கத் தங்கம் மாதிரி மின்னும், காசுக்கு ஆகாது. பின்னால் வந்த தொல்லைக்கெல்லாம் இதுதான் மூலம்.

1864இல் ஓடை மணலில் தங்கம் அரிக்க ஆட்கள் வந்தார்கள். அது சீக்கிரமே தீர்ந்து, 1870களில் வெள்ளி கிடைத்தது. 1881இல் மார்கஸ் டேலி என்ற அயர்லாந்துக்காரர் அனகோண்டா என்ற சுரங்கத்தை வெள்ளிக்காகத்தான் வாங்கினார். அடுத்த ஆண்டே அதற்குள் செம்பு கொழுத்த நரம்பாக வெளிப்பட்டது. நேரம் என்றால் அதுதான் நேரம். அதே 1882இல்தான் எடிசன் நியூயார்க்கில் மின்விளக்குகளை எரியவிட்டார். உலகம் முழுக்கக் கம்பி இழுக்கச் செம்பு தேவைப்படப் போகிறது, இங்கே ஒரு மலையே செம்பு. ‘பூமியிலேயே பணக்கார மலை’ என்று ஊர்க்காரர்கள் பெருமையடித்துக்கொண்டதில் மிகை குறைவு.

வேலைக்கு ஆள் எங்கிருந்து வந்தது? அயர்லாந்தின் கார்க் பகுதியில் பேரா என்ற தீபகற்பத்தில் பழைய செம்புச் சுரங்கங்கள் நொடித்துப்போயிருந்தன. அங்கிருந்து குடும்பம் குடும்பமாகக் கிளம்பி வந்தார்கள். டேலியும் தன் நாட்டவர் என்றால் வேலை கொடுத்தார். இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கத் தொழிலாளிகள், பின்லாந்துக்காரர்கள், செர்பியர், குரோவாத்தியர், இத்தாலியர், லெபனானியர், சீனர் என்று வரிசை நீண்டது. மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வைத்து மாவில் மடித்துச் சுட்ட பாஸ்டியைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்குவது கார்ன்வால்காரர்கள் கொண்டுவந்த பழக்கம். இன்றும் பியூட்டில் போய் உட்கார்ந்தால் அதன்மேல் குழம்பு ஊற்றித் தருவார்கள். 1920 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் 60,000 பேர் இருந்தார்கள்.

அவ்வளவு பேரும் மலையைக் குடைந்தார்கள். சில சுரங்கங்கள் ஒரு மைல் ஆழத்துக்குப் போயின. எல்லாச் சுரங்கப்பாதைகளின் நீளத்தையும் கூட்டினால் பத்தாயிரம் மைல் வரும் என்று ஊரில் சொல்வது வழக்கம். அந்த எண்ணிக்கை எப்படியோ போகட்டும், அவை ஒன்றோடொன்று இணைந்திருந்தன என்பதுதான் முக்கியம்.

அந்த இணைப்பு என்ன செய்யும் என்பது 1917 ஜூன் 8 அன்று இரவு தெரிந்தது. கிரானைட் மவுண்டன் சுரங்கத்தில் தீத்தடுப்பு ஏற்பாட்டுக்காக, ஆம், தீத்தடுப்புக்காகத்தான், ஒரு கனமான மின்கம்பியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அது நழுவி விழுந்து, மேலுறை கிழிந்து, எண்ணெய் ஊறிய துணி வெளியே தெரிந்தது. என்ன ஆயிற்று என்று பார்க்கப் போனவரின் கார்பைடு விளக்குச் சுடர் அதில் பட்டது. செங்குத்துக் குழி புகைபோக்கி போல இழுத்து எரிய, நச்சுப் புகை இணைப்புப் பாதைகள் வழியே அடுத்தடுத்த சுரங்கங்களுக்கும் பரவியது. 168 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் தீயால் அல்ல, புகையால். மேனஸ் டக்கன் என்ற இளைஞர் கூட இருந்தவர்களை ஒரு மூலைக்கு அழைத்துப் போய், பலகையும் மண்ணும் கழற்றிய உடுப்புகளும் வைத்து வழியை அடைத்தார். அந்தத் தடுப்புக்குப் பின்னால் இருந்தவர்களில் 25 பேர் பிழைத்தார்கள். டக்கன் பிழைக்கவில்லை. அந்தக் கோடையிலேயே வேலைநிறுத்தம் வெடித்தது, தொழிற்சங்க அமைப்பாளர் பிராங்க் லிட்டிலை முகமூடிக் கும்பல் ஒன்று இரவில் இழுத்துப்போய்த் தூக்கிலிட்டது.

புகை போன வழிகளில் தண்ணீரும் போகும். பூமிக்கடியில் எந்த ஆழத்தில் குடைந்தாலும் ஒரு மட்டத்துக்குக் கீழே ஊற்று வந்தே தீரும். அதனால் பியூட்டில் பம்புகள் இரவும் பகலும் ஓடின. பல பத்தாண்டுகள் தொடர்ந்து இறைத்ததில் மலையைச் சுற்றிலும் நிலத்தடி நீர் மட்டம் ஆயிரக்கணக்கான அடி கீழே போயிருந்தது. நீருக்குள் முழுகிக் கிடந்த பைரைட் இப்போது காற்றைப் பார்த்தது.

1950களில் கொழுத்த நரம்புகள் தீர்ந்து, மிச்சமிருந்த பாறையில் செம்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. ஒரு டன் கல்லை உடைத்தால் பத்து கிலோகூடத் தேறாது. அதற்காக ஆள் இறக்கிக் குடைவது கட்டுப்படியாகாது, மலையையே வாரி எடுத்தால்தான் லாபம். அனகோண்டா நிறுவனம் 1955இல் பெர்க்லி குழியைத் தோண்ட ஆரம்பித்தது. குழி அகல அகல, மீடர்வில் என்ற இத்தாலியர் குடியிருப்பு, மெக்குவீன் என்று ஒவ்வொரு பேட்டையாக அதற்குள் போயின. உணவு விடுதிகளுக்குப் பேர்போன தெருக்கள் அவை. ஒரு நகரம் தன்னையே தோண்டித் தின்றதற்கு இவ்வளவு அப்பட்டமான உதாரணம் எனக்கு வேறு தெரியாது.

அப்புறம் செம்பு விலை சரிந்தது. 1977இல் அனகோண்டாவை வாங்கியிருந்த ஆர்கோ என்ற எண்ணெய் நிறுவனம், 1982 ஏப்ரலில் கெல்லி சுரங்கத்தில் 3,800 அடி ஆழத்தில் இருந்த பம்புகளை நிறுத்தியது. டேலி செம்பைக் கண்ட நூறாவது ஆண்டு அது. தண்ணீர் சும்மா இருக்குமா? சுரங்கப்பாதைகள் அடியிலிருந்து நிரம்பத் தொடங்கின. அடுத்த ஆண்டே குழியின் அடியிலும் தண்ணீர் தெரிந்தது.

இனி வேதியியல். பைரைட் காற்றையும் ஈரத்தையும் சந்தித்தால் கந்தகம் கந்தக அமிலமாக மாறும், இரும்பு நீரில் கரையும். இது மெதுவான வேலை. ஆனால் அமில நீரில் வாழும் ஒருவகைப் பாக்டீரியாவுக்குக் கரைந்த இரும்புதான் சாப்பாடு. அது இரும்பிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பறித்துக்கொள்கிறது. அப்படிப் பறிகொடுத்த இரும்பு தானே போய் அடுத்த பைரைட்டைத் தாக்கும், அதற்கு ஆக்சிஜன்கூட வேண்டியதில்லை. அதிலிருந்து இன்னும் அமிலம், இன்னும் இரும்பு, பாக்டீரியாவுக்கு இன்னும் சாப்பாடு. இந்தப் பாக்டீரியா இருந்தால் இரும்பு மாறும் வேகம் பத்து லட்சம் மடங்குவரை கூடும் என்று ஆய்வகச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். அமிலம் பாறையில் மிச்சமிருந்த செம்பு, துத்தநாகம், காட்மியம், ஆர்செனிக்கையும் கரைத்து இழுக்கிறது. பல ஆண்டுகள் குழி நீரின் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் கூடும்) 2.5ஐ ஒட்டியே இருந்தது. கிட்டத்தட்ட எலுமிச்சைச் சாறு, உலோகம் கரைத்த எலுமிச்சைச் சாறு.

1995 நவம்பரில் தெற்கே போய்க்கொண்டிருந்த பனி வாத்துக் கூட்டம் ஒன்று மோசமான வானிலையில் இந்தத் தண்ணீரில் இறங்கியது. 342 சடலங்கள் கிடைத்தன. 2016இல் இதே மாதிரி ஆயிரக்கணக்கில் செத்தன. இப்போது பறவை இறங்காமல் துரத்துவதற்கென்றே துப்பாக்கிச் சத்தம், லேசர், டிரோன் என்று ஏற்பாடுகள் உண்டு.

சரி, இது ஏன் ஊருக்குள் கசியவில்லை? தண்ணீர் உயர்ந்த மட்டத்திலிருந்து தாழ்ந்த மட்டத்துக்குத்தான் ஓடும், நிலத்தடியிலும் அப்படியே. குழியின் நீர் மட்டம் சுற்றியுள்ள நிலத்தடி நீர் மட்டத்தைவிடத் தாழ்ந்திருக்கும்வரை எல்லாப் பக்கத்திலிருந்தும் நீர் குழியை நோக்கியே வரும், வெளியே போகாது. பள்ளமாக இருப்பதுதான் அதற்கு வேலி. அந்த உறவு தலைகீழானால் அமில நீர் பள்ளத்தாக்கின் வண்டல் மண்ணுக்குள் இறங்கி, சில்வர் போ ஓடையில் கலந்துவிடும். அந்த ஓடை கிளார்க் ஃபோர்க் ஆறாகி, கடைசியில் கொலம்பியா நதியோடு பசிபிக்குக்குப் போகிறது. இது வெறும் பயம் அல்ல. 1908 வெள்ளத்தில் பியூட், பக்கத்து ஊரான அனகோண்டா பகுதிச் சுரங்கக் கழிவு சுமார் 120 மைல் தள்ளி மில்டவுன் அணையில் போய்ப் படிந்து, 1981இல் அங்கே குடிநீர்க் கிணறுகளில் ஆர்செனிக் வந்தது. 2008இல் அந்த அணையையே உடைத்து எடுக்க வேண்டியதாயிற்று.

எனவே கடல் மட்டத்திலிருந்து 5,410 அடி என்று ஒரு கோடு போட்டார்கள். குழியிலோ சுற்றியுள்ள கண்காணிப்புக் கிணறுகளிலோ நீர் அதைத் தாண்டக் கூடாது. 2003இல் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. அதன் அடிப்படை வேலை எளிது: சுண்ணாம்பு கலந்தால் அமிலம் அடங்கும், கரைந்திருந்த உலோகங்கள் சேறாகப் படியும். 2019இலிருந்து குழியிலிருந்தே இறைத்து, சுத்தம் செய்த நீரைச் சில்வர் போ ஓடையில் விடுகிறார்கள். 37 ஆண்டுகள் கழித்துப் பம்பு திரும்ப ஓட ஆரம்பித்தது, அவ்வளவுதான். நிறுத்தாமலே இருந்திருந்தால் இந்த ஏரியே உருவாகியிருக்காது. ஆனால் அந்தச் செலவை எந்த நிறுவனமும் சும்மா சுமந்திருக்காது என்பதும் உண்மை.

இந்தத் தண்ணீரிலிருந்து காசும் பார்த்திருக்கிறார்கள். செம்பு கரைந்த நீரில் பழைய இரும்பைப் போட்டால் இரும்பு கரைந்து போகும், அதன் இடத்தில் செம்பு படியும். இரும்பு எலக்ட்ரானை எளிதில் விட்டுவிடும், செம்பு அதைப் பிடித்துக்கொள்ளும், அதுதான் காரணம். 19ஆம் நூற்றாண்டிலேயே பியூட்டில் சுரங்க நீரில் கிடந்த தகர டப்பாக்கள் செம்பாவதைக் கவனித்து அதைத் தொழிலாக்கினார்கள். அதே முறையில் குழி நீரிலிருந்தும் செம்பு எடுத்தார்கள். 2013இல் குழியின் சுவர் ஒன்று சரிந்து விழும்வரை அது நடந்தது.

பக்கத்திலேயே கான்டினென்டல் குழியில் மான்டானா ரிசோர்சஸ் நிறுவனம் இன்றும் செம்பும் மாலிப்டினமும் தோண்டுகிறது. இப்போது இறைக்கும் அமில நீர் அந்தச் சுரங்கத்தின் வேலைகளோடு பிணைந்துதான் சுத்தமாகிறது. அந்தச் சுரங்கமும் ஒருநாள் மூடப்படும். 2002இல் ஆர்கோவும் மான்டானா ரிசோர்சஸும் அரசோடு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் சுத்திகரிப்புக்கு முடிவுத் தேதி எதுவும் போடவில்லை. என்றென்றைக்கும் என்றுதான் இருக்கிறது.