வரைபடத்தை உடனே காட்டாதீர்கள்

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் முதல் இரண்டு பெஞ்ச் தலையாட்டும். மிச்சம் நூற்றுச் சொச்சம் பேருக்கு என்ன புரிந்தது என்பது இன்டர்னல் தாள் திருத்தும்போதுதான் தெரியவரும். முதலாண்டுப் பொறியியல் மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துகிறேன். தாள் வரும்வரை காத்திருக்காமல், பாடத்தின் நடுவிலேயே மென்டிமீட்டர், ஸ்லைடோ மாதிரி இணையக் கருவிகளில் கேட்டுவிடுகிறேன். திரையில் கேள்வி, போனில் பதில், உடனே பட்டை வரைபடம்.

பலர் அந்த வரைபடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விஷயம் அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

ஒரு கேள்வி: வேகமாக வரும் பஸ், நின்றிருக்கும் ஸ்கூட்டர் மீது மோதுகிறது. எது எதன் மீது அதிக விசை செலுத்துகிறது? நியூட்டனின் மூன்றாம் விதியை மனப்பாடமாக எழுதி மார்க் வாங்கியவர்கள்தான். ஆனாலும் பலர் பஸ்ஸைத்தான் அழுத்துவார்கள். இரண்டு விசையும் சமம். ஸ்கூட்டரின் நிறை குறைவு, அதனால் முடுக்கம் அதிகம், தூக்கி எறியப்படுகிறது.

இந்த நேரத்தில் வரைபடத்தைக் காட்டினால் போச்சு. உயரமான பட்டை எதுவோ அதுதான் விடை என்று எல்லோரும் சாய்ந்துவிடுவார்கள். அதனால் மறைத்து வைத்துவிட்டு, "வேற விடை போட்டவங்களோட ரெண்டு நிமிஷம் சண்டை போடுங்க" என்பேன். ஹால் சந்தைக்கடை ஆகிவிடும். ஆகட்டும். அப்புறம் மறுபடி வாக்கு.

ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991-இல் தொடங்கிய முறை இது. சரியான விடை சுமார் 30 முதல் 70 சதவீதம் வந்தால் விவாதம். அதற்குக் கீழே என்றால் திரும்ப நடத்த வேண்டும். மேலே என்றால் ஒரு வரி சொல்லிவிட்டு நகரலாம். கூடிப் பேசியவர்களில் முதலில் யாருக்குமே விடை தெரியாவிட்டாலும், பேசிய பிறகு சரியாகச் சொல்பவர்கள் கூடுகிறார்கள் என்று 2009-இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது.

நடைமுறைச் சிக்கல்களும் உண்டு. நூறு போன் ஒரே நேரத்தில் நுழைந்தால் ஹால் வைஃபை திணறும். அவரவர் டேட்டாவே மேல். கேள்வியில் படம் வேண்டாம், எழுத்து போதும். கியூஆர் குறியீடு கடைசி பெஞ்சுக்கு எட்டாது, வாக்கெடுப்பில் நுழைவதற்கான எண்ணைப் போர்டில் பெரிதாக எழுதிவிடுங்கள். போனுக்குத் தடை உள்ள கல்லூரியா? நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கும் நான்கு வண்ண அட்டைகளிலும் இதையே செய்யலாம். தயவுசெய்து இதை வருகைப்பதிவு ஆக்காதீர்கள். எண் வாட்ஸ்அப்பில் போய், ஹாஸ்டல் கட்டிலிலிருந்து வாக்கு விழும்.

இன்னொன்று. 2019-இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வில், இப்படி ஈடுபட்டுக் கற்றவர்கள் தேர்வில் கூடுதலாக எடுத்தார்கள்; ஆனால் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். செமஸ்டர் கடைசியில் "சார் பாடமே நடத்துறதில்ல, எங்களையே பேச விடுறாரு" என்று ஃபீட்பேக் வருவதும் இதனால்தான். முதல் வகுப்பிலேயே இந்த ஆய்வை அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.