மரப்படகுக்குக் கடலைவிட மழைதான் பகை

முப்பது நாற்பது வருடம் கடலில் ஓடிய ஒரு மரப்படகைக் கரையேற்றிப் பார்த்தால், எப்போதும் உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்த அடிப்பலகைகள் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். இற்றுப்போயிருப்பது மேலே: தளத்தின் ஓரம், அறைக்கூரையின் மூலை, பாய்மரம் தளத்தைத் துளைத்துக் கீழே இறங்கும் இடம். அங்கெல்லாம் கடல் நீர் எப்போதாவதுதான் படும், படுவது மழை. மரப்படகைப் பராமரிப்பது என்றால் தண்ணீரை முழுக்கத் தடுப்பது என்றுதான் வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். உண்மையில் எந்தத் தண்ணீரை எங்கே இருக்க விடுவது, எதை எங்கே இருக்க விடக்கூடாது என்பதுதான் மொத்த வேலையும்.

உதாரணத்துக்கு ஜோஷுவா ஸ்லோகத்தின் 'ஸ்பிரே' படகை எடுத்துக்கொள்ளலாம். 1895 ஏப்ரல் 24 அன்று பாஸ்டனிலிருந்து கிளம்பி, 46,000 மைல் ஓடி, 1898 ஜூன் 27 அன்று நியூபோர்ட்டில் நங்கூரம் போட்ட படகு அது. உலகத்தைத் தனி ஆளாகப் பாய்மரப் படகில் சுற்றிவந்த முதல் மனிதர் ஸ்லோகம். படகின் நீளம் 36 அடி 9 அங்குலம்தான். மாசசூசெட்ஸின் ஃபேர்ஹேவனில் வயலோரம் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த பழைய சிப்பிப் படகு ஒன்று அவருக்குச் சும்மா கிடைத்தது. 13 மாதத்தில், 553 டாலர் 62 சென்ட் செலவில், அதைக் கிட்டத்தட்ட முழுசாகத் தன் கையால் திரும்பக் கட்டினார். ஏராவுக்கு, அதாவது அடிமரத்துக்கு, வெள்ளை ஓக். வெளிப்பலகைக்கு ஒன்றரை அங்குலப் பைன்.

ஒன்றரை அங்குலம் என்றால் நாலு சென்டிமீட்டர்கூட இல்லை. அந்தப் பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டவும் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்து வங்குகளின் மேல், அதாவது விலாக்கட்டைகளின் மேல், அறைந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அப்படியானால் தண்ணீர் ஏன் உள்ளே வருவதில்லை?

மழைக்காலத்தில் கதவு நிலையோடு இறுகிக்கொள்வது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். அதே சங்கதிதான் படகுக்குச் சாதகமாக வேலை செய்கிறது. மரம் என்பது நீளநீளமான நுண்குழாய்களின் கட்டு. குழாயின் சுவரில் செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுகின்றன. ஈரம் ஏறும்போது நீர் மூலக்கூறுகள் இந்த இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பக்கவாட்டில் விலக்குகின்றன. அதனால் பலகை அகலத்தில் பருக்கும், நீளத்தில் அசையாது. பச்சை மரம் முழுக்கக் காயும்போது நீளத்தில் 0.1 அல்லது 0.2 சதவீதம்தான் சுருங்கும், அகலத்தில் 6 முதல் 10 சதவீதம் வரை சுருங்கும். ஈரப்பதம் 28, 30 சதவீதத்தைத் தொட்டதும் சுவர்கள் நிரம்பிவிடும். அதற்கு மேல் ஏறும் நீர் குழாயின் உள்வெளியில் நிற்குமே தவிர, மரம் மேலும் பருக்காது. இந்த எல்லை மட்டும் இல்லையென்றால் மரப்படகே சாத்தியமில்லை, ஊற ஊறப் பருத்துக்கொண்டே போய்த் தன்னைத் தானே பிளந்துகொள்ளும்.

காய்ந்த 15 சென்டிமீட்டர் அகலப் பலகை கடலில் இறங்கினால் சில மில்லிமீட்டர் பருக்கும். பக்கத்துப் பலகையும் அப்படியே. இரண்டும் நெருக்கும்போது நடு இடுக்கு மூடிக்கொள்ளும். ஆனால் பருப்பதை மட்டும் நம்பி யாரும் கடலுக்குப் போவதில்லை. இடுக்குக்குள் பஞ்சு அடிக்கிறார்கள், நம் பக்கத்தில் இதைக் கலப்பத்து என்போம். பலகைகளின் விளிம்பைச் சற்றே சீவி, உள்பக்கம் இறுக்கமாகவும் வெளிப்பக்கம் திறந்தும் இருக்குமாறு இடுக்கை அமைப்பார்கள். அதில் முறுக்கிய பஞ்சுத் திரியை வைத்து, தட்டை உளியால் அழுத்தி, கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், அடித்து இறக்குவார்கள். மேலே தார் தோய்த்த சணல் நார், அதற்கும் மேலே கீல் (கெட்டித் தார்) அல்லது இடுக்கை நிரப்பும் பசையான மக்கு. அனுபவப்பட்ட ஆள் சத்தத்தை வைத்தே வேலை செய்வார். பஞ்சு இறங்காத வரை அடி மந்தமாக ஒலிக்கும், இறுகியதும் கணீர் என்று மாறும். அதற்கு மேல் ஓர் அடிகூட அடிக்கக்கூடாது.

ஸ்லோகம் பஞ்சு அடித்தபோது வேடிக்கை பார்க்க வந்த ஊர்க்காரர்கள், அது ஊர்ந்து வெளியே வந்துவிடும் என்று பயம் காட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் எவ்வளவு வேகத்தில் ஊரும், அதற்குள் ஏதாவது துறைமுகம் போய்ச் சேரலாமா என்று இன்னொரு கிழட்டுக் கேப்டன் கிண்டலடித்தாராம். முதலிலேயே திட்டமிட்டிருந்தபடி பஞ்சின் மேல் சணல் நாரையும் அடித்தார் ஸ்லோகம். பஞ்சு கடைசிவரை ஊரவில்லை.

கலப்பத்துக்கு இன்னொரு வேலை உண்டு, அதைப் பலரும் சொல்வதில்லை. படகின் நடுப்பகுதி அகலமானது, தண்ணீர் அதை நன்றாகத் தாங்கும். இரு முனைகளும் குறுகலானவை, தாங்குதல் குறைவு. ஆனால் நங்கூரம், சங்கிலி, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முன்கழி எல்லாம் அணியத்தில்தான், அதாவது படகின் முன்முனையில்தான், தொங்குகின்றன. ஆகவே முனைகள் தாழவும் நடு உயரவும் படகு எப்போதும் முயன்றுகொண்டே இருக்கும். அப்படி வளைய வேண்டுமென்றால் ஒவ்வொரு பலகையும் பக்கத்துப் பலகையின் மேல் நீளவாக்கில் கொஞ்சம் வழுக்க வேண்டும். இறுக்கி அடித்த பஞ்சும் ஊறிப் பருத்த மரமும் சேர்ந்து அந்த வழுக்கலை உராய்வால் தடுத்துவிடுகின்றன. தண்ணீரை நிறுத்துவதற்காக அடித்த பஞ்சு, நூறு துண்டுப் பலகைகளை விறைப்பான ஒரே ஓடாக மாற்றுகிறது. பஞ்சு தளர்ந்த படகு ஒழுகுவது மட்டுமில்லை, வளையவும் தொடங்கும். வளைந்தால் ஆணி ஆடும், ஆணி ஆடினால் இன்னும் ஒழுகும்.

அதற்காக அளவு மீறி அடித்தாலும் ஆபத்து. எலும்பாகக் காய்ந்த படகில் யாராவது ஆர்வமாகப் பஞ்சைத் திணித்துவிட்டால், கடலில் இறக்கியதும் பலகைகள் பருக்க இடமில்லாமல் நெருக்கும். அந்த நெருக்கலில் ஆணி பிடுங்கிக்கொள்ளும், வங்கேகூட முறியலாம். முறியாவிட்டாலும் விளிம்பிலுள்ள நுண்குழாய்கள் நசுங்கிவிடும். நசுங்கிய மரம் மறுபடி காயும்போது பழைய அகலத்துக்குத் திரும்பாமல் இன்னும் சிறிதாகும். காயவைத்து ஊறவைத்துக் காயவைத்து ஊறவைத்து எடுத்தால் ஒவ்வொரு சுற்றிலும் இடுக்கு அகலமாகும். விலை குறைவு என்று வருடக்கணக்கில் வெயிலில் நின்ற மரப்படகை வாங்குவது எனக்கு அவ்வளவு புத்திசாலித்தனமாகப் படவில்லை. அடிக்கடி ஓடும் படகுதான் ஆரோக்கியமான படகு.

நெடும் பயணத்தில் எந்த மரப்படகும் கொஞ்சம் ஒழுகும். காற்றை எதிர்த்து ஏறும்போது பாய்மரத்தின் இழுப்பும் அலையின் மோதலும் உடலை முறுக்கும். முறுக்கினால் இடுக்குகள் மூச்சு விடும். ஆகவே பார்க்க வேண்டியது ஒழுகுகிறதா என்பதை அல்ல, நேற்றைவிட இன்று எத்தனை தடவை அதிகமாகப் பம்பு அடிக்க வேண்டியிருக்கிறது என்பதை. கசிந்த நீர் பம்பு இருக்கும் இடத்துக்கு ஓடிவர, ஒவ்வொரு வங்கின் அடியிலும் சிறு துளை இருக்கும். மரத்தூள், தலைமுடி, அரிசி என்று எதுவும் அதை அடைத்துவிடும். இதற்குப் பழைய ஆட்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. எல்லாத் துளைகளின் வழியாகவும் ஒரு மெல்லிய சங்கிலியை அணியத்திலிருந்து பின்புறம் வரை கோத்து விட்டுவிடுவார்கள். வாரம் ஒருமுறை இந்தப் பக்கம் நாலு இழுப்பு, அந்தப் பக்கம் நாலு இழுப்பு. துளைகள் சுத்தம்.

பாயும் கயிறும் தனிக் கதை. உராய்வும் வெயிலும் அவற்றைத் தின்றுகொண்டே இருக்கும், தினமும் ஏதாவது ஒன்றைத் தைக்க வேண்டியிருக்கும். ஸ்லோகத்துக்கு அதற்கெல்லாம் கை ஓய்வாக இருந்தது, ஏனென்றால் சுக்கானைக் கட்டிவைத்தால் ஸ்பிரே தானாகவே நேர் ஓடும். நீண்ட ஏராவும் சமநிலையான பாய்களும் செய்த வேலை அது. ஆஸ்திரேலியாவின் வடமுனையருகே உள்ள தேர்ஸ்டே தீவிலிருந்து இந்தியப் பெருங்கடலின் கீலிங் தீவுகள் வரை 2,700 மைல், 23 நாள். அதில் அவர் சுக்கானைப் பிடித்து நின்றது மொத்தமாக மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லை.

சரி, மழைக்கு வருவோம். மரத்தை மக்க வைப்பது பூஞ்சை. அதற்கு ஈரம், காற்று, இதமான வெப்பம் மூன்றும் வேண்டும். 20 சதவீதத்துக்குக் கீழே ஈரமுள்ள மரத்தை அது தொடாது. தண்ணீரில் முழுக்க ஊறிய மரத்தில் காற்று இல்லை, அதனால் அங்கேயும் வளராது. கடல் நீரில் உப்பு வேறு இருக்கிறது, அதுவும் பூஞ்சைக்குப் பிடிக்காது. ஆனால் தளத்தின் விரிசல் வழியே இறங்கிய மழைநீருக்கு உப்பு கிடையாது. முழுக்க நனைக்கும் அளவும் கிடையாது, காய்ந்துபோகும் அளவு காற்றோட்டமும் கிடையாது. பூஞ்சைக்கு இதைவிடத் தோதான இடம் வேறு இல்லை. அதிலும் பலகையின் வெட்டுமுனை மோசம். அங்கே குழாய்களின் வாய் திறந்திருப்பதால், பக்கவாட்டு முகத்தைவிடப் பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். இரண்டு பலகைகள் முட்டும் இடம், கம்பத்தின் அடி, மூலைப் பொருத்து எல்லாமே வெட்டுமுனைகள்தான்.

வெளியே வண்ணம் பளபளவென்று இருக்கும், உள்ளே மரம் செத்திருக்கும். அதனால் சோதிப்பவர்கள் கண்ணை நம்புவதில்லை. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார்கள். நல்ல மரத்தில் சுத்தியல் துள்ளித் திரும்பும், மக்கிய இடத்தில் 'தொப்' என்று அமுங்கும். சந்தேகப்பட்ட இடத்தில் குத்தூசியை அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் இறங்கும். வெட்டித் திறந்தால் பழுப்பு நிறத்தில் சதுரம் சதுரமாக வெடித்த மரம், விரலால் நசுக்கினால் தூள். பூஞ்சை செல்லுலோஸைத் தின்றுவிட்டு மிச்சத்தை விட்டுப்போயிருக்கிறது.

மருந்து என்னவென்றால் தளத்தைக் கடல் நீரால் கழுவுவது. காலையிலும் மாலையிலும் வாளி வாளியாகக் கடல் நீரை ஊற்றுவதைச் சுத்தம் பார்ப்பதாக மட்டும் நினைக்க வேண்டாம். பலகை காய்ந்து சுருங்காமல் இருக்கும், இடுக்கு திறக்காது. காய்ந்த பிறகு மரத்தில் தங்கும் உப்பு இரவுக் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பூஞ்சையையும் அண்டவிடாது. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கப்பல் கட்டுநர்கள் ஒரு படி மேலே போய், வங்குகளுக்கு நடுவே கல்லுப்பையே கொட்டி நிரப்பினார்கள். வெப்பக் கடல்களில் படகின் பக்கங்களுக்கு வெள்ளை வண்ணம் பூசுவதற்கும் காரணம் இதுதான். கறுப்புப் பூசினால் வெயிலில் சூடேறி, நீர்மட்டத்துக்கு மேலே உள்ள பலகைகள் காய்ந்து வாய் பிளக்கும்.

அப்புறம் கப்பல்புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக வந்து குண்டூசித் துளை போட்டு நுழையும், உள்ளேயே வளர்ந்து விரல் பருமன் சுரங்கம் தோண்டும். செவுளில் வாழும் பாக்டீரியாக்கள் மரத்தைச் செரிக்க உதவுகின்றன. கொலம்பஸின் நான்காம் பயணத்தில் மிஞ்சிய இரண்டு கப்பல்களும் இப்படிச் சல்லடையாகி, 1503-ல் ஜமைக்கா கரையில் ஏற்றி நிறுத்தப்பட்டன. ஒரு வருடம் அங்கேயே கிடந்தார். ஸ்லோகம் டாஸ்மேனியாவில் படகைக் கரையேற்றித் தேடிப் பார்த்தார், ஒரு புழுகூட இல்லை. இருந்தாலும் முன்னால் பவளக் கடலும் அராஃபுரா கடலும் இருந்ததால், அடியில் இன்னொரு பூச்சு செம்பு வண்ணம் அடித்துக்கொண்டுதான் கிளம்பினார்.

செம்பு ஏன்? அது மெல்லக் கரைந்து, கரைந்த செம்பு புழுக்குஞ்சையும், படகின் அடியில் ஒட்டி வளரும் ஓட்டுயிரான கொட்டலசையும், பாசியையும் கொல்கிறது. பிரிட்டிஷ் கடற்படை 1761-ல் 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடியில் செம்புத் தகடு போர்த்திப் பார்த்தது. புழு தொடவில்லை, ஆனால் தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் அரித்துப்போயின. உப்பு நீரில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டால் அது ஒரு மின்கலம், இரும்பு தன்னைக் கொடுத்துச் செம்பைக் காக்கும். தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் கிழியாமல் நடுவே மாட்டியிருந்த சில இடங்களில் மட்டும் ஆணி தப்பியிருந்தது.

1824-ல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி இதையே தலைகீழாகத் திருப்பினார். வேண்டுமென்றே இரும்பையோ துத்தநாகத்தையோ செம்போடு சேர்த்து வைத்தால், அது கரைந்து செம்பு பிழைக்கும் அல்லவா? பிழைத்தது. ஆனால் கரையாத செம்பு யாரையும் கொல்லாது. கொட்டலசும் பாசியும் அடை அடையாகப் படிந்து கப்பல் வேகம் இழந்தது. வேதியியல் சரியாக இருந்தும் தோற்றுப்போன ஏற்பாடு, எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

இன்றைய மரப்படகுகளில் அதே வேதியியல் வேறு வடிவில் தொல்லை கொடுக்கிறது. வெண்கலப் பொருத்துகளைக் காக்கத் துத்தநாகக் கட்டிகளைக் கம்பியால் இணைக்கிறார்கள். இரும்பு, அலுமினியப் படகுக்கு நல்லதுதான். மரப்படகில் கட்டி அதிகமானால் வெண்கலத்தின் மேல் நடக்கும் வினையில் காரம் உண்டாகும். அது சுற்றியுள்ள மரத்தில் ஊறி, இழைகளைப் பிணைக்கும் பொருளைக் கரைத்துவிடும். போல்ட் புதிதுபோல மின்னும், அதைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு, அதன் கீழே நார் நாராகக் கழன்று வரும் மரம். துத்தநாகம் கரையவே இல்லை என்று சந்தோஷப்படுகிறவரைவிட, வேகமாகக் கரைகிறது என்று இன்னும் இரண்டு கட்டி சேர்க்கிறவர்தான் படகைச் சீக்கிரம் கெடுக்கிறார்.

வண்ணம் பூசக் கரையேற்றினால் சீக்கிரம் இறக்கிவிட வேண்டும், முடிந்தால் நிழலில் நிறுத்த வேண்டும். நாள் தள்ளிப்போய் இடுக்கு திறந்துவிட்டால், இறக்கிய அன்று தண்ணீர் தாராளமாக உள்ளே வரும். அப்போது பதறிப் பஞ்சைத் திணிக்காமல், பம்பைத் தயாராக வைத்துக்கொண்டு, வெளிப்பக்கம் ஒழுகும் இடுக்கின் கீழே மரத்தூளைத் தூவுவார்கள். உள்ளே பாயும் நீர் தூளை இழுத்து இடுக்கில் அடைக்கும், தூளும் ஊறிப் பருக்கும். ஓரிரு நாளில் பலகைகளே மூடிக்கொள்ளும், பம்பு அடிப்பதும் மணிக்கு மணி குறையும். நாலைந்து நாளாகியும் குறையவில்லையென்றால் அது காய்ந்ததால் வந்த ஒழுகல் இல்லை. ஆணி போயிருக்கும், இல்லையென்றால் பஞ்சு போயிருக்கும். மறுபடி கரையேற்ற வேண்டியதுதான்.